கதவுக்கும் தோளுக்கும் நடுவே

ஹூசும்
9 மார்ச் 2023

ஓர்ட்வின்,

வீட்டை விட்டு வந்து பதினைந்து மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கார் கிளப்காரர்கள் காகிதத்தில் அனுப்பியதால் நானும் காகிதத்தில்.

அவர்களுடைய அழைப்பிதழ் இங்கே தங்கை எல்கேயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் இரண்டு பேர் பெயரும் போட்டிருக்கிறார்கள். மே 13, பழைய விமானத் திடல். இரண்டு கதவு கூப்பே கார் பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகள், ஆறு தலைமுறைக் கார்களும் வரிசையாக நிற்கும், பித்தளை வாத்தியக் குழு, பொரித்த தொத்திறைச்சி. சிறப்புரை ஓர்ட்வின் கிரெஸல், ‘நம்ம பொண்ணு எப்படிக் குண்டானா’.

உன்னைக் கேட்டுத்தான் போட்டார்களா?

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்; பொண்ணு என்பது கார். இருபது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நீ அந்தக் காரைச் செய்யும் கம்பெனியின் அளவுப் பிரிவில் இருப்பவன். ஓட்டுபவர் எங்கே உட்கார வேண்டும், முழங்காலுக்கு எவ்வளவு இடம், கதவு எவ்வளவு தடிமன் என்று கோடு போடுவது உன் வேலை. ஒவ்வொரு தலைமுறைக்கும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கிறார்கள் என்பாய். இன்றைய சின்ன செடானை அன்றைய பெரிய செடானுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரியது சின்னதாகத் தெரியும் என்பாய். கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்தேன்.

நம் மகள் ரோன்யாவின் இருபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு 1988இன் கூப்பேயை நீயே சரிசெய்து, சாவியை நாப்கினில் சுற்றிக் கொடுத்தாய். “இதுக்கப்புறம் வந்ததெல்லாம் காரே இல்ல, சோபா” என்றாய். அடுத்த வருடம் அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை காலை, நம் வீட்டுக்குச் சாப்பிட வரும் வழியில், சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய டிராக்டர்கள் இறைத்துப் போன சேற்றில் அது வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே திரும்பியது. எதிரே வந்ததும் அதே கூப்பேதான், ஆறாம் தலைமுறை. அதை ஓட்டி வந்த ஹாஸ்லிங்கர் தானே கதவைத் திறந்து இறங்கி நின்றார். ரோன்யா இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அந்த அழைப்பிதழைப் படித்தபோது இது எதுவுமே நடக்கவில்லையோ என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது.

நீ பேசப் போகிறாயா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

ரோஸ்வித்தா


லாண்ட்ஸ்பெர்க்
19 மார்ச் 2023

ரோஸி,

ஆமாம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. பத்து நாள் ஆகிவிட்டது.

தலைப்பு என்னுடையது இல்லை. கிளப்பை நடத்தும் கெபார்டு பழைய துண்டுப் பிரசுரத்தை எடுத்து அப்படியே அடித்துவிட்டான். வாசலில் நின்று, “ஓர்ட்வின், நீ பேசலைன்னா யாரு பேசுறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எண்ணெய் மாத்துறதும் பீர் ஊத்துறதும்தான்” என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். இப்போதெல்லாம் நான் பேசாமல் இருப்பதை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரையும் திருத்துவதில்லை.

ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. ஏழாம் தலைமுறையின் வரைபடம் மேசையில் இருக்கிறது. முந்தியதைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். முன்பெல்லாம் சண்டை போடுவேன் என்பதால் அறையில் இருந்த ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். “இன்னிக்கு நீங்க சண்டை போடலையா, கிரெஸல்?” என்று ஒரு பெண் கேட்டாள். புதிதாக வந்தவள், அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான்காம் தலைமுறைக்கு வேலை நடந்தபோது, மோதல் சோதனைப் பிரிவினர் இரண்டு இடத்தில் கூடுதல் அளவு கேட்டார்கள். கதவு ஒவ்வொன்றிலும் நான்கு சென்டிமீட்டர். காரின் முன்பக்க மூக்கில் ஏழு சென்டிமீட்டர். நான் மூன்று பக்கம் எதிர்த்து எழுதினேன். வண்டி கனத்துவிடும், திரும்பாது, பழைய கராஜ்களில் கதவைத் திறக்கவே முடியாது என்றெல்லாம். தோற்றுப் போனேன். ஹாஸ்லிங்கரைக் காப்பாற்றியது அந்த மூக்கு. ரோன்யாவின் பக்கத்தில் இல்லாமல் போனது அந்தக் கதவு. 1988இன் காரில் கதவின் உள்பக்கத்துக்கும் ஓட்டுபவர் தோளுக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர். ஆறாம் தலைமுறையில் பதினேழு. போலீஸ் நிபுணருக்கு முன்பே எனக்கு இது தெரியும். அந்தக் கோட்டைப் போட்ட நாளிலிருந்து தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் கார் ஆயிரத்து நூற்று எண்பது கிலோ. எதிரே வந்தது ஆயிரத்து எழுநூறுக்கு மேல். பெரிதானதுதான் உள்ளே இருந்தவரைக் காப்பாற்றியது. பெரிதானதுதான் எதிரே இருந்தவளை நசுக்கியது. இரண்டு கார்களிலும் என் கோடுகள் இருக்கின்றன. இதில் எதைக் கூட்டத்துக்குச் சொல்வது?

ஹாஸ்லிங்கர் எனக்கு நான்கு கடிதம் போட்டிருக்கிறார். ஒன்றையும் பிரிக்கவில்லை. ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும்.

ஓர்ட்வின்


ஹூசும்
2 ஏப்ரல் 2023

ஓர்ட்வின்,

ஹாஸ்லிங்கர் எனக்கும் எழுதினார். நான் பிரித்தேன். வரலாமா என்று கேட்டிருந்தார். வாருங்கள் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. வேண்டாம் என்று எழுத ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருந்தது, அதற்குத் தெம்பில்லை.

போன செவ்வாய்க்கிழமை வந்தார். ஒன்பது மணி நேரம் ரயிலில். இப்போது அவர் கார் ஓட்டுவதில்லையாம். ஐம்பத்து நான்கு வயது, குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கும் தொழில், மூன்று பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். அவர்கள்தான் காலையில் வேனில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். கைகள் பெரியவை. எல்கேயின் மெல்லிய கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து எல்கேதான் உள்ளே வந்து, “டீயக் குடுத்துட்டு இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இது விருந்தா, போலீஸ் விசாரணையா? யாராவது ஏதாவது பேசுங்கப்பா” என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

“எனக்கு நெஞ்சுல பெல்ட் போட்ட கோடு ஒண்ணுதாங்க. பத்து நாள்ல மறைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரில அன்னிக்கே வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க” என்றார். பிறகு, “உங்க வீட்டுக்காரர்தான் இந்தக் காரோட அளவெல்லாம் போட்டவருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அவருக்கு நன்றி சொல்றதா, என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. நாலு தடவை எழுதினேன். நாலும் வேற வேற மாதிரி” என்றார்.

“அவர் பிரிக்கல” என்றேன்.

“நல்லது. ஒண்ணுகூட சரியா இல்ல.”

அவர் எதற்காக அந்தக் காரை வாங்கினார் என்று கேட்டேன். வேகத்துக்காகவா என்று கேட்டேன். இல்லையாம். இருபது வயதில் முதல் தலைமுறைக் கூப்பேயை ஒரு கடை ஜன்னலில் பார்த்தாராம். வாங்க முடியவில்லை. முப்பது வருடம் டைல்ஸ் பதித்து, ஐம்பதாம் வயதில் போய்ப் பார்த்தபோது அதே பெயரில் இது இருந்ததாம். “பேரு அதேதான். ஆனா உள்ள உக்காந்தா வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாதுங்க. மழைச் சத்தம் கேக்காது. அன்னிக்குக்கூட மோதின சத்தம் எனக்குச் சரியா கேக்கல.”

அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ தூரத்து ஊரைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

நான்கரை மணி ரயிலுக்குப் போய்விட்டார். கையைக் கொடுத்தார், நானும் கொடுத்தேன். போன பிறகு எல்கே, “நல்ல மனுஷனா இருக்கானே, இப்ப யாரைத் திட்டுறது?” என்று கேட்டாள்.

உன்னைத்தான். இதுவரை உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அளவுகள் தெரியும், தெரிந்தே கொடுத்தாய் என்று அந்த டிசம்பரில் வாசற்படியில் நின்று நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைத்தாய்.

பேசுவதானால் பேசு. எனக்கு எழுத வேண்டும் என்றில்லை.

ரோஸ்வித்தா


லாண்ட்ஸ்பெர்க்
16 மே 2023

ரோஸி,

பேசினேன். எழுத வேண்டாம் என்றாய், ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

வெயில் நன்றாக இருந்தது. நானூறு பேர் இருக்கும். ஆறு கார்களையும் மூக்கு ஒரே கோட்டில் வருமாறு நிறுத்தியிருந்தான் கெபார்டு. பின்னால் போய்ப் பார்த்தால் வால்கள் படிக்கட்டு மாதிரி நீண்டுகொண்டே போயின. முதல் கார் ஒரு சிவப்பு. நல்லவேளை நம்முடையது போல் வெள்ளை இல்லை.

வழக்கம்போல் அளவு நாடாவைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் காரை அளந்து, “நூத்தி அறுபத்தேழு” என்றேன். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இரண்டாவது, நூற்று எழுபத்தொன்று. மூன்றாவது வரும்போது நான் வழக்கமாக என் பெல்ட்டைத் தளர்த்திக் காட்டுவேனே, அதற்காகக் காத்திருந்தார்கள். கை பெல்ட்டுக்குப் போகவில்லை. திரும்பி முதல் காருக்கே போய், ஓட்டுபவர் கதவைத் திறந்து, உள்பக்கத்தை அளந்தேன்.

“கதவுக்கும் தோளுக்கும் நடுவுல ஒம்பது சென்டிமீட்டர்” என்றேன். அங்கேயும் இரண்டு பேர் சிரித்தார்கள். பழக்கம்தான், தப்பு சொல்ல முடியாது.

“என் மக ரோன்யா இந்தக் கார்லதான் செத்துப்போனா. இதே வருஷத்து மாடல். குடுத்தது நான். எதிர்ல வந்தவரு அதோ அந்தக் கடைசிக் கார்ல இருந்தாரு. நல்லா இருக்காரு. இருபது வருஷமா நான் உங்களைச் சிரிக்க வச்ச சென்டிமீட்டர் எல்லாம் எங்க போச்சுன்னு கேட்டீங்கன்னா, அங்கதான் போச்சு” என்றேன்.

இவ்வளவுதான் பேசினேன். எழுதி வைத்தது எட்டுப் பக்கம்.

பிறகு ஒரு வயதானவர், தோல் தொப்பி போட்டவர், கோபமாகவே கேட்டார்: “அதுக்காக எல்லாரும் டாங்கி ஓட்டிக்கிட்டுப் போகணுமாய்யா? ரெண்டு பேருமே சின்னக் கார்ல வந்திருந்தா ரெண்டு பேரும் பொழைச்சிருக்க மாட்டாங்களா?”

“தெரியலைங்க” என்றேன். உண்மையாகவே தெரியாது. நாற்பது வருடம் இதையே அளந்தவன், தெரியாது.

அந்த நேரம் பார்த்து வாத்தியக் குழு எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தது. கெபார்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடினான். நான் நடந்துபோய் ஆறாவது காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹாஸ்லிங்கர் சொன்னது சரிதான், ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே கெபார்டின் வாய் திறந்து திறந்து மூடியது. அங்கே அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருக்கையின் உயரம் மூன்று மில்லிமீட்டர் தப்பு என்று தோன்றியது. அதையே யோசித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய கடிதங்களைப் பிரித்தேன். நான்காவது இரண்டே வரி. பதில் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஓர்ட்வின்


ஹூசும்
29 மே 2023

ஓர்ட்வின்,

உன் கடிதத்தை எல்கேயும் படித்தாள். நான் கொடுத்தேன். அவள் அழுதாள். நான் பாத்திரம் கழுவினேன்.

நீ நானூறு பேர் முன்னால் சொல்லிவிட்டாய். நான் ஒருவரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை அதைச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. இனிமேல் அப்படி இருக்க முடியாது.

அவள் போவதற்கு இரண்டு ஞாயிறு முன்னால், அக்டோபர் பத்து. சாப்பிட்டு முடித்து நீ மாடியில் படுத்திருந்தாய். நாங்கள் சமையலறையில் பிளம் பழத்தைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அம்மா, எனக்கு அந்தக் கார் புடிக்கலம்மா. மழையில பின்பக்கம் தானா சறுக்கிக்கிட்டுப் போகுது. வேலைக்குப் போறப்பல்லாம் பயந்துக்கிட்டே ஓட்டுறேன். வித்துட்டு சாதாரணமா ஒண்ணு வாங்கிக்கட்டுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்ப அப்பாகிட்ட சொல்லாதேடி. ரெண்டு வருஷம் கராஜே கதின்னு கிடந்து செஞ்சது. மனசு ஒடைஞ்சிடுவாரு. வசந்தம் வரட்டும், நானே பக்குவமா சொல்றேன்” என்றேன். அவள், “சரிம்மா” என்றாள். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லச் சொல்லியிருந்தால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், பிறகு அவள் வேறு கார் வாங்கியிருப்பாள். ஒரு வாரக் கோபம். அதைத் தவிர்க்கத்தான் நான் அவளை அடக்கினேன்.

உனக்கு அளவுகள் தெரியும். ஆனால் அவள் பயந்தது உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். இதைத்தான் அந்த வாசற்படியில் நான் உன்மேல் போட்டுவிட்டுப் போனேன்.

இப்போது நீ என்னைத் திட்டலாம்.

ரோஸ்வித்தா


லாண்ட்ஸ்பெர்க்
3 ஜூன் 2023

ரோஸி,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

அவள் என்னிடமும் சொன்னாள்.

அதே ஞாயிறு, அதே மாலை. அவள் கிளம்பும்போது கார்வரை நான் கூடப் போனேன். நீ வாசலிலிருந்து கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மா இப்ப சொல்ல வேணாம்னாங்க. ஆனா சொல்லிடுறேன்பா. எனக்கு இந்தக் கார் பயமா இருக்கு. வேற வாங்கிக்கிறேன். நீ கோச்சுக்குவியா?”

நான் கோபிக்கவில்லை. அதைவிட மோசமாகச் சிரித்தேன். “காருக்கு ஒண்ணும் இல்லடி. நீதான் ஸ்டியரிங்க கழுத்த நெரிக்கிற மாதிரி புடிக்கிற. லேசா புடி, அது பாட்டுக்குப் போகும். புதுக் காருங்க உன்னை ஏமாத்தும், இது ஏமாத்தாது” என்றேன். டயர்க் காற்றைப் பார்த்தேன். பின் டயர்களில் கொஞ்சம் இறக்கிவிட்டேன். “இப்ப சரியாயிடுச்சு பாரு” என்றேன். ஒரு நிபுணர் சொல்வதுபோல் சொன்னேன். அவள் நம்பினாள். “சரிப்பா” என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆக, உன் பேச்சு அவளை நிறுத்தவில்லை, ரோஸி. நீ சொல்லாதே என்று சொல்லியும் அவள் சொன்னாள். நிறுத்தியது நான்.

இன்னும் ஒன்றும் எழுத வேண்டும். நீ அவளிடம் அப்படிச் சொன்னது எனக்கு அன்றிலிருந்தே தெரியும். அவள் வாயாலேயே கேட்டேன். நீ அதைச் சுமந்துகொண்டிருப்பாய் என்பதும் தெரியும். சவ அடக்கத்தன்று நீ சமையலறைக்குள் போகாமல் நடையிலேயே நின்றாயே, அப்போது எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தையில் உன்னை இறக்கிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்னுடையதும் வெளியே வரும். அளவு தெரியும், அளவு தெரியும் என்று நீ கத்தியபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அது சின்னக் குற்றம். அதை ஒப்புக்கொள்ள என்னால் முடிந்தது. திடலில் நானூறு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதும் அதைத்தான்.

இருபது மாதம் உன்னை அந்தப் பாரத்தோடு தனியாக உட்காரவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கத் தோன்றுகிறது. ஆனால் கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

ஓர்ட்வின்


ஹூசும்
9 ஜூன் 2023

ஓர்ட்வின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வரும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். கடற்கரைக்குப் போனேன், வந்தேன். எல்கே என்னவென்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. கோபம் பிறகு வரலாம். வந்தால் உனக்குத் தெரியும்.

பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்து பத்து ரயிலில் வருகிறேன். திரும்பி வருவதாக நினைத்துக்கொள்ளாதே. வீடு, சாமான், நாம் இரண்டு பேரும் இனி என்ன செய்வது, எதையும் பேச நான் வரவில்லை. ஊர்ப் பேருந்தில் வந்துவிடுவேன், நிலையத்துக்கு வராதே.

அந்த மாலை அவள் உன்னிடம் பேசியதை எனக்கு நீ மறுபடி சொல்ல வேண்டும். எழுத்தில் இல்லை. அவள் எங்கே நின்றாள், சாவி எந்தக் கையில் இருந்தது, எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வந்தது, எல்லாம். நீ சிரித்ததையும் சேர்த்துச் சொல். மெதுவாகச் சொல். அவள் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காதது இன்னும் ஆறு வாக்கியம் மீதி இருந்திருக்கிறது.

ரோஸி